பாலியல் வன்முறைக்குப் பின்வரும் மன விலகல்: உடனிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒருவர் அழாமல், குரல் நடுங்காமல், வேறு யாருக்கோ நேர்ந்ததை ஒப்பிப்பதுபோல் நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது, அந்த அமைதியையே காரணமாக்கி அவர் சொல்வதை நம்ப மறுப்பவர்கள் பலர். உடனிருப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே மிகக் கொடியது என்பேன். தப்ப வழியே இல்லாத அச்சத்தின் நடுவில் மனம் தன்னை உணர்விலிருந்தும் உடலிலிருந்தும் சூழலிலிருந்தும் துண்டித்துக்கொள்வதை உளவியலில் மன விலகல், அதாவது டிசோசியேஷன் என்கிறார்கள். பிரெஞ்சு உளவியலாளர் பியர் ஜானே 1889-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வன்முறை நிகழ்ந்தபோது மேலே எங்கிருந்தோ அதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவோ, கைகால்கள் தம்முடையவையாகவே தோன்றவில்லை என்றோ பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது இதைத்தான். அதே துண்டிப்பு, பின்னாளில் அதை நினைக்கும்போதும் சொல்லும்போதும் திரும்ப வரக்கூடும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறான பிடிஎஸ்டியை 1980-இல் தன் நோய்வகைக் கையேட்டில் சேர்த்த அமெரிக்க உளமருத்துவச் சங்கம், 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பில் மன விலகலோடு கூடிய பிடிஎஸ்டியைத் தனி உட்பிரிவாகவே குறிப்பிட்டது.

ஏன் கத்தவில்லை, ஏன் தள்ளிவிட்டு ஓடவில்லை என்ற கேள்விகளும் இதே அறியாமையிலிருந்து எழுபவை. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது உடல் உறைந்து அசைய முடியாத நிலைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளாகியிருந்தது தெரியவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, அப்படி உறைந்துபோனவர்களிடம் பிடிஎஸ்டி காணப்படும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. இந்த உறைநிலை எவரும் எண்ணித் தேர்ந்தெடுப்பதன்று. ஆண்களுக்கும் இது நேர்கிறது. ஏன் எதிர்க்கவில்லை என்று பாதிக்கப்பட்டவர் தம்மைத் தாமே ஏற்கெனவே பலமுறை கேட்டிருப்பார். அக்கேள்வியை நெருங்கியவர் ஒருவரும் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்காமலே போய்விடலாம்.

நினைவைப் பற்றிய தவறுகள் இரண்டு திசைகளிலும் நிகழ்கின்றன. அதிர்ச்சியின்போது பதியும் நினைவு பெரும்பாலும் ஒழுங்கான கதையாக இருப்பதில்லை. ஒரு வாசனை, கதவு தாழிடப்பட்ட ஒலி, சுவரின் நிறம் ஆகியவை துல்லியமாக நிற்க, எது முதலில் நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவை கலைந்துபோயிருக்கும். அதனால் நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் இடையே சிறு வேறுபாடு தென்பட்டவுடன் பொய் என்று முடிவுகட்டுவது பெரும் அநீதி. அதே சமயம், இரக்கத்தினால் இடைவெளிகளை நாமே நிரப்பிக் கொடுப்பதும், இப்படித்தான் நடந்திருக்கும் என்று எடுத்துக்கொடுப்பதும் கூடாது. பிறர் சொன்ன விவரங்கள் நினைவோடு கலந்துவிடும். பின்னர் வழக்கு என்று வரும்போது அது அவருக்கே பாதகமாகவும் முடியலாம். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே கேட்டுக்கொள்வதுதான் சரி.

பேச்சின் நடுவே மன விலகல் ஏற்படும்போது அதைக் கண்டுகொள்ள முடியும். பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், குரல் தட்டையாகும், ஒரே கேள்வியை இரண்டு மூன்று முறை கேட்ட பிறகே ஒற்றைச் சொல்லில் பதில் வரும். இதை அலட்சியம் என்றோ நடிப்பு என்றோ எடுத்துக்கொண்டு குரலை உயர்த்துவதும், தோளைப் பிடித்து உலுக்குவதும், ஆறுதல் என்றெண்ணிச் சட்டென்று அணைத்துக்கொள்வதும் நிலைமையை மோசமாக்கும். அனுமதியின்றி உடலைத் தொட்டதுதான் அவருக்கு நேர்ந்த கொடுமை என்பதை ஒரு கணமும் மறக்கக் கூடாது. சற்றுத் தள்ளி, அவர் கண்ணில் படும்படி அமர்ந்து, பெயர் சொல்லி மெதுவாக அழைத்து, இப்போது எங்கே இருக்கிறோம், இன்று என்ன நாள் என்பதைச் சொல்லலாம். பாதங்கள் தரையில் அழுந்துவதைக் கவனிக்கும்படியோ, அறையில் தெரியும் பொருள்களைப் பெயர் சொல்லும்படியோ கேட்கலாம். மீண்டு வந்தபின் விட்ட இடத்திலிருந்து கேள்வியைத் தொடர வேண்டாம்.

காலத்தைப் பற்றியும் அவசர முடிவுகள் எடுக்கப்படுகின்றன. முதல் வாரங்களின் தூக்கமின்மையையும் பதற்றத்தையும் வைத்தே பிடிஎஸ்டி என்று பெயரிட்டுவிட முடியாது. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்று கணிப்பார்கள். அமெரிக்காவில் 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்புணர்வுக்குள்ளான பெண்களுள் 94 விழுக்காட்டினரிடம் இரண்டு வாரத்துக்குள் காணப்பட்ட அறிகுறிகள், மூன்று மாதமளவில் 47 விழுக்காட்டினரிடம் நீடித்தன. ஆகவே பலர் தாமாகவே தேறுகிறார்கள், பலருக்குச் சிகிச்சை தேவைப்படுகிறது. முழு அறிகுறிகளும் ஆறு மாதம் கழித்தோ அதற்கும் பின்னரோ வெளிப்படுவதும் உண்டு என்பதால், இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாய் என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் உடல் சிகிச்சைக்குக் காத்திருக்கக் கூடாது: எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள்ளும், முடிந்தவரை விரைவாகத் தொடங்க வேண்டும்.

தூங்கட்டும் என்று எண்ணி மயக்க மாத்திரை கொடுப்பதும் பரவலான தவறு. முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளுக்காக பென்சோடயசெபைன் எனப்படும் அமைதியூட்டும் வகை மருந்துகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைப்பதும் பிடிஎஸ்டியைத் தடுப்பதில்லை.

அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவைக் கொண்டு செய்யப்படும் ஈஎம்டிஆர் சிகிச்சையும் பயன் தருபவை. சிகிச்சையாளரைத் தேடும்போது, மன விலகல் உள்ளவர்களிடம் பணியாற்றிய அனுபவம் உண்டா, அமர்வின் நடுவே அது நேர்ந்தால் என்ன செய்வார் என்பதை முன்கூட்டியே கேட்கலாம். அந்தத் தேடலில் துணை நிற்கலாமே தவிர, சிகிச்சைக்குப் போவதா, புகார் கொடுப்பதா, யாருக்குச் சொல்வது என்பவற்றை வயது வந்த ஒருவருக்காக நாம் முடிவு செய்யக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் மட்டும் தயங்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால், உதவி வந்து சேரும்வரை அவரைத் தனியே விடாமல் உடனிருக்க வேண்டும்.