அலைச்சறுக்குப் பலகையும் கயாக்கும் ஒரே அலையில்: கோவளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டுக்காடு காயலில் நாலு நாள் துடுப்புப் போட்டுப் பழகிய கையோடு, சென்னைக்குத் தெற்கே கோவளம் கடலில் கயாக்கை, அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகை, இறக்குகிறவர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. காயலில் படகு நம் சொல் கேட்கும். அலைக்குள் போனால் அது அலையின் சொல்லைத்தான் கேட்கும்.

வந்ததும் வராததுமாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். கால் மணி நேரம் கரையில் நின்று பாருங்கள். பெரிய அலைகள் மூன்று நான்காகச் சேர்ந்து வரும், அப்புறம் கடல் கொஞ்சம் அடங்கும். கட்டுமரம் தள்ளுகிற மீனவர்கள் அந்த இடைவெளிக்குத்தான் காத்து நிற்பார்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுவதும் தவறு. 6 விநாடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலை பக்கத்துக் காற்று கிளப்பியது. அதே உயரத்தில் 14 விநாடிக்கு ஒன்றாக வருவது எங்கோ தூரக் கடலில் பிறந்தது. அதன் வேகமும் பலமும் வேறு, கரையருகே இன்னும் நிமிர்ந்து எழும்.

சரி, பலர் காத்திருக்கும்போது அலை யாருக்கு? உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கு. ஏற்கெனவே ஒருவர் பலகையில் எழுந்து நின்றுவிட்டால் அந்த அலையை மறந்துவிட வேண்டும். இங்கேதான் கயாக்காரர்கள் சறுக்குகிறார்கள். துடுப்பு இருப்பதால், பலகையில் இருப்பவர் கையால் வலித்து எட்ட முடியாத தூரத்திலேயே அலையைப் பிடித்துவிட முடிகிறது. முடிகிறது என்பதற்காக வருவதையெல்லாம் எடுத்துக்கொண்டால், கரைக்குக் கிட்டே காத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது நுரைதான். ஒன்று எடுத்தால் அடுத்த இரண்டை விடுங்கள்.

ஒரு காலை, நீளக் கயாக் ஒன்று அலையில் குறுக்காகத் திரும்பிவிட்டது. ஓட்டியவர் பயத்தில் கரைப்பக்கம் சாய்ந்தார். சாய வேண்டியது அலைப்பக்கம். படகு கவிழ்ந்து உருண்டது. இடுப்பளவுத் தண்ணீரில் பலகையோடு நின்ற பையனுக்கு ஒரு முழம் தள்ளி அது போனதை என்னால் மறக்க முடியவில்லை. உள்ளே 100 லிட்டர் தண்ணீர் ஏறினால் படகின் எடையோடு இன்னொரு 100 கிலோ. அதனால், முன்னால் ஆள் இருந்தால் அலையை எடுக்கவே கூடாது. கவிழ்ந்தால் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். கடல் பக்கம் போய்விடுங்கள்.

பலகைக்காரர்களிடமும் தவறு உண்டு. பெரிய அலையைக் கண்டதும் பலகையை விட்டுவிட்டு மூழ்குகிறார்கள். 9 அடிப் பலகை, அதைக் காலோடு கட்டும் 9 அடிக் கயிறு என்றால் பின்னால் 18 அடிக்கு யாருக்கும் பாதுகாப்பில்லை. வெளியே போகும்போது அலை உடையும் இடத்தைச் சுற்றிப் போங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், அலையில் சறுக்கி வருபவர் போகும் பக்கம் ஓடாமல் அவருக்குப் பின்னால் உள்ள நுரைக்குள் புகுந்துவிடுங்கள். அடி கொஞ்சம் பலமாக விழும்தான், ஆனால் அவர் வழி திறந்திருக்கும்.