குடம் தூக்கும்போது கைப்பட்டையைக் கழற்றிவிடுங்கள்

எடையைக் குறைப்பதற்காக அடிகளை எண்ணும் கைப்பட்டையை அணிபவர்கள், கையை வீசி நடக்க முடியாத வேலைகளின்போது அதைக் கழற்றி, பேன்ட் பையிலோ இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலோ வைத்துக்கொள்ளலாம், கணுக்காலிலும் கட்டலாம்.

பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி என்னும் அசைவை உணரும் சிறு கருவி, மணிக்கட்டின் அசைவைக் கொண்டே அடிகளைக் கணக்கிடுகிறது. தண்டையார்பேட்டையில் லாரித் தண்ணீரைப் பிடித்து, குடத்தின் கழுத்தைக் கையால் வளைத்து இடுப்போடு அணைத்தபடி படியேறும் பெண்ணின் மணிக்கட்டு ஏறக்குறைய அசையாமல் இருப்பதால், உண்மையிலேயே உடலை வருத்தும் அந்த உழைப்பில் பெரும்பகுதி பதிவாகாமல் போகிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரு கைகளிலும் துணிப்பைகளோடு நடப்பவருக்கும் இதே நிலைதான். இடுப்பும் காலும் ஒவ்வோர் அடிக்கும் அசைந்தே தீரும். பட்டை பழுதென்று நினைத்துப் புதியது வாங்குவதற்கு முன், 100 அடிகளை வாய்விட்டு எண்ணி நடந்து, திரையில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; கணுக்காலில் கணக்கு மிகவும் குறைந்தால் பையே நல்லது.

மணிக்கட்டில் இல்லாதபோது எண்ணுவதையே நிறுத்திவிடும் கடிகாரங்களுக்கு இம்முறை பொருந்தாது. இதயத் துடிப்பை அளக்கத் தோலில் ஒளி படவேண்டும் என்பதால், அப்போது பட்டை மணிக்கட்டில்தான் இருக்கவேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களும் கால் வீக்கம் உள்ளவர்களும் கணுக்காலில் கட்டவே கூடாது.