பூட்டு உடையாத திருட்டும் கைக்கு வராத இழப்பீடும்: வீட்டுக் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கி எடுத்துக்கொடுத்த காப்பீடு திருட்டுக்கும் பொருந்தும் என்று நம்பியிருப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் அப்படி எடுக்கப்படும், 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இடர்களுக்கானது. அவற்றில் ஒன்று நேர்ந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் பொருள்கள் களவுபோனால் மட்டுமே அதன்கீழ் இழப்பீடு கோரலாம். சாதாரண நாளில் வீடு புகுந்து திருடுவதற்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படி வாங்கியவர்களின் கோரிக்கையும் பெரும்பாலும் வாசற்கதவில்தான் சிக்குகிறது. பூட்டை உடைத்தோ, கம்பியை வளைத்தோ, ஆளை மிரட்டியோ உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பது இத்தகைய பாலிசிகளின் வழக்கமான நிபந்தனை. பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போன சாவியை எடுத்துத் திறந்து அள்ளிச் சென்றால் காவல்துறைக்கு அது திருட்டு வழக்கு. காப்பீட்டு நிறுவனமோ கைவிரித்துவிடும். 2004-இல் உச்ச நீதிமன்றமும், பலப்பிரயோகம் இல்லாத திருட்டு இந்த வகைப் பாலிசியில் அடங்காது என்றே தீர்ப்பளித்தது. ஆனால் இந்த வரையறை சாமானியருக்கு மிகக் கடுமையானது, நிறுவனங்கள் இதைத் திருத்த வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் கூறியது. பலப்பிரயோகமற்ற திருட்டையும் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. திருட்டு நடந்த பிறகு, காவல்துறையும், இழப்பை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயரும் பார்க்கும் முன் உடைந்த பூட்டை மாற்றுவதும் கதவைச் சரிசெய்வதும் இருக்கும் ஒரே சாட்சியத்தை நாமே அழிப்பதாகும்.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்காகக் காவல் நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. நிறுவனம் கேட்பது எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கை, பின்னர் பொருள் கிடைக்கவில்லை என்ற காவல்துறையின் சான்று. புகாரில் விடுபட்ட நகையைப் பிறகு கோரிக்கையில் சேர்த்தால் சந்தேகம் எழும். அதே நாளில் நிறுவனத்துக்கும் தகவல் தர வேண்டும்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் தங்கச் செல்வோர், வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் பாதுகாப்பு இல்லை என்ற விதி தங்கள் பாலிசியில் உள்ளதா என்று பார்த்து, முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். வீட்டார், வேலையாட்கள் செய்த திருட்டு பொதுவாக விலக்கப்படும். நகைக்கும் ரொக்கத்துக்கும் தனி வரம்பு உண்டு. நகைக்கடை ரசீதைத் தொலைத்தவர் மதிப்பை நிறுவத் திணறுவார்.

பிரீமியத்தைக் குறைக்க 10 லட்ச ரூபாய்ப் பொருள்களை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், காப்பீடு செய்த விகிதத்தில் மட்டுமே இழப்பீடு தரும் விதியுள்ள பாலிசியில் 2 லட்ச இழப்புக்கு 1 லட்சமே கிடைக்கும்.

நியாயமின்றி நிராகரித்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன்) கட்டணமின்றி முறையிடலாம்.