உச்சி வெயிலில் பேனிங்: மங்கலுக்குக் காரணம் கை இல்லை

உச்சி வெயிலில் ரேஸ் கார்களை 1/30 நொடி ஷட்டர் வேகத்தில் பேன் செய்தால் (காரோடு கேமராவையும் நகர்த்திப் படமெடுத்தால்) பின்னணி அழகாக இழுபட்டது. காரின் எண் மட்டும் கூர்மையாக வரவே இல்லை. கை ஆட்டமாக இருக்குமோ என்று மோனோபாட் (ஒற்றைக்கால் ஸ்டாண்ட்) வைத்துப் பார்த்தேன். கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை பேனிங் மோடுக்கு மாற்றினேன். ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 50-க்கு இறக்கினேன். வெள்ளை பெயின்ட் வெளுத்துப்போனதுதான் மிச்சம்.

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கியபோதுதான் பிடிபட்டது. கை ஆடியிருந்தால் எண்ணின் ஓரம் ஏதாவது ஒரு திசையில் கோடாக நீண்டிருக்கும். இங்கே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெழுகியிருந்தது. அப்புறம், இழுபட்ட பின்னணியின் நடுவே துளியும் இழுபடாத கறுப்புப் புள்ளிகள், எல்லாப் படத்திலும் அதே இடத்தில். சென்சார் தூசி! வெயிலில் 1/30 நொடிக்கு ஒளி அதிகம் என்பதால் லென்ஸ் துளையான அபர்ச்சர் எஃப்/32 வரை (எண் கூடினால் துளை சிறிது) சுருங்கியிருந்தது. அதனால்தான் தூசி வெளியே தெரிந்தது. அவ்வளவு சிறிய துளை வழியே வரும் ஒளி விளிம்பு விளைவால் (துளையின் ஓரத்தில் வளைந்து) பரவி, படம் முழுவதையும் மென்மையாக்கிவிடும்.

ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி8 ஃபில்டரை மாட்டினேன். ஐஎஸ்ஓ 100, அதே 1/30, அபர்ச்சர் எஃப்/11. இப்போது கதவிலுள்ள ஸ்டிக்கர் எழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. அப்பாடா! மேகம் மூடினால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் ஏற்கெனவே குறைந்திருப்பதால் அது தேவைப்படாது.