எந்த ஏற்காடு? ஏரிக்கரை ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது எப்படி

போன மாதம் தம்பியின் பேரன் ஒரு சார்ட் அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான். ஏரிக்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் நிலவியலையும் மக்கள்தொகையையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டுமாம், பள்ளி ப்ராஜெக்ட். "அத்தப்பாட்டி, ஏற்காட்டோட மக்கள்தொகை எவ்ளோ?" என்றான். "எந்த ஏற்காட்டுக்கு கண்ணு?" என்று கேட்டேன். முழித்தான்.

மலைமேல் பல வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது கீழே சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவளும் கூட. அதனால் இந்த வேலையை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எண்ணிக்கையில் ஆரம்பிக்கக் கூடாது. தண்ணீரில் ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு தாளில் முதலில் ஏரியை வரையுங்கள். வடிவம் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. அதற்குப் பக்கத்தில் அண்ணா பூங்கா, படகு இல்லம், கொஞ்சம் தள்ளி ஒண்டிக்கடை ரவுண்டானா. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்று பெயர் வந்தது என்பார்கள், அதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். அப்புறம் ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். அது கிளியூர் அருவிக்குப் போகும், அங்கே சுமார் 300 அடி விழும். மழைக்காலத்தில் போனால் அருவி, ஏப்ரலில் போனால் வெறும் பாறை. இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் ஏரிக்கும் அருவிக்கும் உள்ள உறவு மனதில் நிற்கும்.

இனி தாளை விரித்து மலை முழுவதையும் வரையுங்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலையிலிருந்து இறங்கிக் காவிரிக்குப் போகிறது. மேற்குப் பக்கம் ஓமலூர் வழியாகப் போகும் சரபங்காவும் காவிரிக்குத்தான். ஆனால் வடக்கே இறங்கும் வாணியாறு தருமபுரி மாவட்டத்துக்குள் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. ஒரே மேகம் பெய்த மழை, ஒரு சரிவில் விழுந்தால் பூம்புகார் கடல், அடுத்த சரிவில் விழுந்தால் கடலூர்க் கடல். இந்த ஒரு படத்தை வரைந்துவிட்டால் நிலவியலில் பாதி முடிந்தது.

உயரம் எழுதும்போதுதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஏற்காடு 1,515 மீட்டர் என்று பல இடங்களில் இருக்கும். சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர். ஒரே மலையில் இரண்டும் எப்படி என்று பையன் கேட்டான். உயரம் ஊருக்குக் கிடையாது, நீங்கள் நிற்கிற இடத்துக்குத்தான். ஏரிக்கரையில் நின்றால் ஒன்று, கோயில் வாசலில் நின்றால் ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில் இடத்தையும் எழுதுங்கள். சேலம் நகரம் சுமார் 278 மீட்டர். மேலே போகப் போக 1,000 மீட்டருக்கு வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்று வகுப்பில் சொல்வோம். கழித்துப் பெருக்கிப் பார்த்தால் 8 டிகிரி வருகிறது. அதனால்தான் சேலத்தில் மின்விசிறியின் கீழே கிடப்பவர்கள் மேலே போனதும் ஸ்வெட்டர் தேடுகிறார்கள்.

மண்ணும் பாறையும் எனக்குப் பிடித்த பாடம், ஆனால் ஒரு பக்கத்தில் இடம் இல்லை. அடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று தெரிவது மேக்னசைட், நம் ஊர்க்காரர்களின் வெள்ளைக்கல். மலையின் உடம்பு சார்னோக்கைட் பாறை, உச்சி மேடுகளில் சிவந்து கிடப்பது பாக்சைட். இது போதும்.

மேலே போகும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். எந்த வளைவில் முள்காடு முடிகிறது, எந்த வளைவில் முதல் சில்வர் ஓக் மரம் வருகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சில்வர் ஓக் இருந்தால் அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபி இருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்த காபி அது. வரலாறு எழுதும்போது மட்டும் கவனம். கவர்னர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று ஒரு வரி ஊரெல்லாம் சுற்றுகிறது. மன்றோ 1827இலேயே காலரா வந்து இறந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்னால் மலைமேல் ஆளே இல்லையா என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

ஆள் இருந்தார்கள். மலையாளிகள். இந்தப் பெயர்தான் இன்னொரு பள்ளம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பழங்குடிப் பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய வழக்கு. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி தேர்வில் 'ஏற்காட்டில் கேரள மக்கள் அதிகம்' என்று எழுதி வைத்தாள். அவளே நாகலூர் பக்கத்து மலையாளிப் பெண். புத்தகத்தில் படித்ததை எழுதுவதா, வீட்டில் பார்த்ததை எழுதுவதா என்று குழம்பிவிட்டாள். தாலுகாவில் பாதிக்கும் மேல் பழங்குடியினர். சட்டமன்றத் தொகுதியும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது.

சரி, இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். எந்த ஏற்காடு? ஏரியைச் சுற்றியுள்ள கடைவீதி ஓர் ஏற்காடு. ஊராட்சி இன்னொன்று. மஞ்சக்குட்டை, செம்மநத்தம், வாழவந்தி, வெள்ளக்கடை என்று மலைக் கிராமங்களையெல்லாம் சேர்த்த தாலுகா மூன்றாவது. தொகுதி நான்காவது, அது மலையோடு நிற்காமல் வாழப்பாடிப் பக்கச் சமவெளியையும் அள்ளிக்கொள்ளும். அதன் வாக்காளர்கள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த எண்ணை எடுத்து ஏரிக்கரை ஊருக்கு ஒட்டிவிட்டால் ஏரிக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

நான் தாலுகாவை எடுக்கச் சொன்னேன், எல்லை தெளிவாக இருக்கிறது என்பதால். 2011 கணக்குப்படி 41,816 பேர். ஆண்கள் 21,109, பெண்கள் 20,707. வகுத்துப் பாருங்கள், 1,000 ஆண்களுக்கு 981 பெண்கள். சேலம் மாவட்டத்துக்கு இது 954தான். பரப்பு காப்புக்காடு உட்பட 382.67 சதுர கிலோமீட்டர், அப்படியானால் சதுர கிலோமீட்டருக்கு 109 பேர். மாவட்டத்தில் 665. இந்த இரண்டு ஜோடி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலைக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் தானாகப் பேசும். காட்டைக் கழித்துவிட்டு வகுத்தால் 109 கூடும் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இந்த எண்கள் எந்த நாளுக்கு உரியவை என்பதும் முக்கியம். 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினோம், மார்ச் முதல் ஐந்து நாள் மறுபடி போய்ச் சரிபார்த்தோம். நான் எண்ண வேண்டிய பகுதியில் எஸ்டேட் லைன் வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. காபிப் பழம் பறிக்க வந்தவர்கள் வேலை முடிந்து இறங்கிவிட்டிருந்தார்கள், பூட்டின கதவுகள்தான் பாக்கி. ஒரு கிழவியிடம் "வீட்டில் எத்தனை பேர் ஆயா?" என்று கேட்டால், "சோத்துக்கு எட்டு, வேலைக்கு மூணு" என்றாள். எட்டு என்று எழுதிவிட்டு வந்தேன். அதில் இரண்டு பேரன்கள் விடுதியில் படிக்கிறார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. விடுதிப் பிள்ளைகளை விடுதியில்தான் எண்ண வேண்டும். மறுபடி ஏறிப் போய் ஆறு என்று திருத்தினேன். உறைவிடப் பள்ளிகள் இருக்கிற ஊருக்கு மக்கள்தொகை பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டம் எந்தக் கணக்கிலும் கிடையாது, குப்பைத் தொட்டியில்தான் தெரியும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை 2011தான். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'தாலுகா, 2011' என்று எழுத வைத்தேன். ப்ராஜெக்ட் திரும்பி வந்தபோது அந்த அடைப்புக்குறியைச் சிவப்பு மையில் அடித்து, 'தேவையில்லை' என்று எழுதியிருந்தார்கள். பையன் என் முகத்தையே பார்த்தான். நான் பேனாவை எடுத்து அதன் பக்கத்திலேயே மறுபடி போட்டேன்.