பாயிண்ட் டேபிளைப் பார்த்து கப்பை எழுதிக் கொடுத்துடாதீங்க: பிளே ஆஃபுக்கு முன் அணியை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயமுத்தூர், திருப்பூர்ப் பக்கம் கிரிக்கெட் கூச்சலுக்கு நடுவில் கால்பந்து பார்க்கிற கூட்டம் சின்னதுதான், ஆனால் ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளே ஆஃப், அதாவது லீக் முடிந்ததும் மேலே இருக்கிற அணிகள் கோப்பைக்காக மோதுகிற ஆட்டங்கள், நெருங்கும்போது அந்தச் சின்னக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலும் "மொத எடத்துல இருக்கறாங்க, கப்பு அவங்களுக்குத்தானுங்க" என்று யாராவது ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். முதல் தவறே இதுதான். 2019-20 முதல் 2024-25 வரை ஆறு சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கிய அணியே கோப்பையையும் தூக்கியது இரண்டு முறைதான்: 2020-21இல் மும்பை சிட்டி, 2024-25இல் மோகன் பகான். மற்ற நாலு தடவையும் ஷீல்டு ஒரு ஊருக்கு, கோப்பை வேறு ஊருக்கு. பட்டியல் சொல்வது, ஆறு மாதம் எல்லாரோடும் ஆடியதில் இந்த அணி எப்படி என்பதை. பிளே ஆஃபில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதோ, இந்த எதிராளியோடு, இன்றைக்கு நிற்கிற பதினொரு பேரை வைத்துக்கொண்டு, ஒன்றோ இரண்டோ ஆட்டத்தில் என்ன செய்வார்கள் என்பது.

சராசரி இதைவிட மோசமாக ஏமாற்றும். 2019-20 சென்னையின் எஃப்சியைப் பாருங்கள். முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்த பிறகு அதே ஆட்கள் வேறு அணியாக மாறி, நாலாவது இடத்தில் நுழைந்து, அந்த வருசம் ஷீல்டு வாங்கிய கோவாவை அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று வெளியே அனுப்பினார்கள். முழு சீசன் சராசரியைப் போட்டுப் பார்த்திருந்தால் அந்தச் சென்னை உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. பயிற்சியாளர் மாறினாரா, ஜனவரியில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்து, சீசனை அந்த இடத்தில் வெட்டி இரண்டாக எண்ணுங்கள்.

அதற்காகக் கடைசி ஐந்து ஆட்டத்தை மட்டும் பார்த்து "செம ஃபார்ம்" என்று சொல்வதும் சரிவராது. அந்த ஐந்து யாரோடு? ஏற்கெனவே வாய்ப்பு போய், இளம் பையன்களை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அணிகளோடு என்றால் அந்த ஃபார்முக்கு மதிப்பு பாதிதான். ஒரு கோல் வாங்கிப் பின்தங்கிய ஆட்டங்களைத் தேடிப்பிடித்துப் பாருங்கள், அதில் தெரியும் நிஜமான பலம். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி (இது சென்னையின் எஃப்சி இல்லை, வேறு கிளப்) ஐ லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் பட்டத்தை வென்ற கடைசி நாள் ஆட்டம் அப்படித்தான். மினெர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது, ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்று காத்திருந்தது, அந்த நெருக்கடியில் 3-1 என்று திருப்பினார்கள். (ஐ லீக்கில் அப்போது பிளே ஆஃப் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அது இறுதிப்போட்டி மாதிரிதான்.)

அந்த ஆட்டத்திலேயே அடுத்த தவறும் இருக்கிறது. சென்னை சிட்டியின் ஸ்ட்ரைக்கர் பெத்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். ஆகவே மான்சியை அடக்கினால் அணியை அடக்கிவிடலாம் என்று யாரும் நினைத்திருப்பார்கள். அன்றைக்கு மான்சி போட்டது ஒரு பெனால்டி, மற்ற இரண்டையும் போட்டவர் கோலுக்குப் பேர் போன ஆளே இல்லாத கௌரவ் போரா. கோல் எண்ணிக்கையை வைத்து ஒரு அணியை மதிப்பது, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கொம்பின் அழகைப் பார்த்து விலை பேசுகிற கதை. கோல் எப்படி வந்தது என்று பிரித்துப் பாருங்கள்: ஓடுகிற ஆட்டத்தில் எத்தனை, கார்னர், ஃப்ரீ கிக்கில் எத்தனை, பெனால்டியில் எத்தனை. பெனால்டி ஏறத்தாழ நாலில் மூன்று உள்ளே போகும். அதனால் பத்து கோலில் நாலு பெனால்டி என்றால் அந்த ஸ்ட்ரைக்கரைப் பற்றி நாம் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கார்னரை யாரும் சட்டை செய்வதில்லை, எனக்கு இதில்தான் ரொம்ப ஆதங்கம். 2017-18 ஐ.எஸ்.எல் இறுதிப்போட்டி. லீக்கில் பெங்களூரு 40 புள்ளி, சென்னையின் எஃப்சி 32. ஆட்டமும் பெங்களூருவில்தான், ஒன்பதாவது நிமிடமே பெங்களூருவின் சேத்ரி கோல். பட்டியல் பார்க்கிறவருக்கு அத்தோடு முடிந்தது கதை. ஆனால் சென்னையின் எஃப்சிக்காக கிரெகரி நெல்சன் கார்னர் தூக்க, மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்ட, இடைவேளைக்குள் இப்படியே இரண்டு கோல், கடைசியில் 3-2 என்று சென்னையின் எஃப்சிக்கே கோப்பை. இரண்டு அணியும் பயந்து பயந்து ஆடுகிற ஆட்டங்களில் கார்னர், ஃப்ரீ கிக் மாதிரியான இந்த நின்ற பந்துதான் கதவைத் திறக்கும். கார்னரில் எதிரணியின் உயரமான ஆளை யார் பிடிக்கிறார், முதல் கம்பத்தில் யார் நிற்கிறார், தட்டிவிட்ட பந்து விழுகிற இடத்தில் நம் ஆள் இருக்கிறாரா, இவ்வளவும் ஹைலைட்ஸில் வராது. முழு ஆட்டம் பார்க்கணும். முடிந்தால் ஸ்டேடியத்தில், கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்து. டிவி பந்தின் பின்னாலேயே ஓடும், தாக்கப் போன அணி பின்னால் எத்தனை பேரை விட்டுவைத்திருக்கிறது என்பது மேலே இருந்துதான் தெரியும்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் எடைபோடுவதும் நம்மிடம் அதிகம். களத்தில் ஒரே நேரத்தில் நாலு பேர்தான் அனுமதி என்பதால் மிச்ச ஏழு பேர் நம் நாட்டு ஆட்கள். பெரிய அணிகளின் வெளிநாட்டுக்காரர்களுக்குள் வித்தியாசம் கம்மி, இடது பேக்கிலும் நடுக்களத்திலும் இருக்கிற இந்திய ஆட்டக்காரர்களில்தான் இடைவெளி பெரிது. அதிலும் முதல் ஆளுக்கு அடிபட்டால் பெஞ்சில் இருந்து வருகிறவர் யார் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் அணியை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. யாருக்கு சஸ்பென்ஷன், யார் காயத்தில், இதையும் அன்றைய தேதிக்குப் பார்த்துவிடுங்கள்.

சொந்த மைதானம் பலம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதையே சாமியாகக் கும்பிட வேண்டாம். 2024-25 நாக்அவுட்டில் ஜாம்ஷெட்பூர், நார்த்ஈஸ்ட்டை அவர்கள் இடத்திலேயே 2-0 என்று சாய்த்தது.

அப்புறம் கூடுதல் நேரமும் சேர்ந்த 120 நிமிடம். பலர் தொண்ணூறோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். 2022-23 அரையிறுதியில் ஷீல்டு வாங்கிய மும்பையை பெங்களூரு வீழ்த்தியது பெனால்டியில், 9-8. பெங்களூருவுக்கு ஒன்பதாவது பந்தை உதைத்தவர் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், சந்தேஷ் ஜிங்கன். ஆகவே முதல் ஐந்து பேரோடு நிறுத்தாமல் ஆறாவது, ஏழாவது ஆள் யார், கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்கிறவர் என்பது வரைக்கும் குறித்து வையுங்கள், குரூப்பில் கப்பு யாருக்கு என்று அதற்கப்புறம் பேசலாம்.