அச்சை வெட்டாத கோடும் கிராஃபும்: எப்படி கண்டுபிடிக்கறது?

ஒரு கிராஃப் அச்சை எங்க வெட்டுதுன்னு கணக்கு போட்டுட்டே வந்து கடைசியில 0 = 3னு வந்ததும் ரப்பரை எடுத்து அழிக்கிற பசங்களை நிறைய பாத்திருக்கேன். ஒரு ஸ்டெப் கூட தப்பா இருக்காது, ஆனா விடை விநோதமா வந்திருச்சேன்னு பயந்து மொத்தத்தையும் அழிச்சிட்டு திரும்ப ஆரம்பிப்பாங்க, திரும்பவும் அதேதான் வரும். அழிக்காதீங்க. அந்த 0 = 3 தான் விடை. இந்த கிராஃப் அந்த அச்சைத் தொடவே இல்லன்னு சமன்பாடே நம்மகிட்ட சொல்லுது.

செய்ய வேண்டியது ரெண்டே வேலை. எக்ஸ் அச்சு மேல இருக்கற எந்தப் புள்ளிக்கும் ஒய் மதிப்பு 0, அதனால எக்ஸ் இன்டர்செப்ட், அதாவது கிராஃப் எக்ஸ் அச்சை வெட்டற இடம், வேணும்னா ஒய் இருக்கற இடத்துல 0 போடுங்க. ஒய் இன்டர்செப்ட் வேணும்னா எக்ஸ்ல 0 போடுங்க. புத்தகத்துல இதையே வெட்டுத்துண்டுனு போட்டிருப்பாங்க. வர்ற சமன்பாட்டுக்குத் தீர்வு இருந்தா அங்க வெட்டுது, இல்லன்னா வெட்டல.

முதல்ல நேர்கோடு. ஒய் = 3ங்கறது படுக்கை கோடு, எக்ஸ் அச்சுக்கு 3 அலகு மேலயே இணையா போயிட்டே இருக்கும், எவ்ளோ தூரம் போனாலும் கீழ இறங்காது, ஒய்ல 0 போட்டா அந்த 0 = 3 தான் வரும், அதனால எக்ஸ் இன்டர்செப்ட் கிடையாது, ஒய் இன்டர்செப்ட் மட்டும் (0, 3). எக்ஸ் = -2 செங்குத்து கோடு, இதுக்கு ஒய் இன்டர்செப்ட் கிடையாது, சாய்வும் வரையறுக்க முடியாது. ரெண்டு அச்சையுமே வெட்டாத நேர்கோடு இருக்கான்னு கேட்டா, இல்லவே இல்ல. ஏன்னா எக்ஸ் அச்சை வெட்டாம இருக்கணும்னா அதுக்கு இணையா இருந்தே ஆகணும், அப்படி இருந்தா ஒய் அச்சை வெட்டாம போக வழியே இல்ல.

இங்க நிறைய பேர் குழப்பிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஒய் = 2எக்ஸ் எடுத்துக்கோங்க, ஒய்ல 0 போட்டா எக்ஸ் = 0னு வரும், உடனே "இன்டர்செப்ட் இல்லை"னு எழுதிடறாங்க. இருக்குங்க! கோடு ஆதிப்புள்ளி வழியா போகுது, ரெண்டு இன்டர்செப்ட்டும் அதே (0, 0)லதான் இருக்கு. இன்டர்செப்ட் 0ங்கறது வேற, இன்டர்செப்ட் இல்லைங்கறது வேற. அதே மாதிரி ஒய் = 0ங்கற கோடு எக்ஸ் அச்சேதான், அதுக்கு எக்ஸ் இன்டர்செப்ட் எண்ணிக்கையே இல்லாம இருக்கு.

வளைகோடுக்கு வந்தா விஷயம் இன்னும் நல்லா இருக்கும். ஒய் = எக்ஸ்² + 2எக்ஸ் + 5 பாருங்க. ஒய்ல 0 போட்டு தன்மைகாட்டியை (மெய்த்தீர்வு உண்டா இல்லையான்னு சொல்ற b² - 4ac) பாத்தா 4 - 20 = -16, மைனஸ்ல வந்ததால மெய்த்தீர்வு இல்ல, எக்ஸ் அச்சைத் தொடாது. ஏன்னு படத்துலயே தெரியும், பரவளையத்தோட அடிப்புள்ளி (-1, 4), அங்கிருந்து மேல்நோக்கித்தான் விரியுது, கீழ வர வேலையே இல்ல. ஆனா எக்ஸ்ல 0 போட்டா 5 வரும், ஒய் இன்டர்செப்ட் இருக்கு.

நேர்கோட்டால முடியாததை ஒய் = 1/எக்ஸ் செய்யும், ரெண்டு அச்சையும் வெட்டாது. எக்ஸ்ல 0 போட்டா பூஜ்யத்தால வகுக்கணும், அது முடியாது, ஒய்ல 0 போட்டா 1 = 0னு வந்து நிக்கும். எக்ஸ் = 1000 ஆனா ஒய் 0.001, பத்து லட்சம் ஆனா 0.000001, நெருங்கிட்டே போகும், தொடாது. ஒய் = 2^எக்ஸ் கிராஃபும் இப்படித்தான், இடது பக்கம் எக்ஸ் அச்சை ஒட்டி ஒட்டி போகும் ஆனா வெட்டாது, ஒய் அச்சை மட்டும் 1ல வெட்டும். லாக் (மடக்கை) கிராஃப் இதுக்கு அப்படியே மாத்தி, எக்ஸ் அச்சை 1ல வெட்டும், ஒய் அச்சை வெட்டாது.

வட்டத்துக்கு கணக்கே தேவையில்ல. மையம் (5, 1), ஆரம் 2னா, ஒய் அச்சு மையத்துல இருந்து 5 அலகு தள்ளி இருக்கு, ஆரம் அவ்ளோ எட்டாது. எக்ஸ் அச்சு 1 அலகுலயே இருக்கு, அதை ரெண்டு இடத்துல வெட்டும்.

கண்ணை மட்டும் நம்பாதீங்க, இதை நான் அழுத்தியே சொல்வேன். ஒய் = 0.01எக்ஸ் + 5 கோட்டை -10ல இருந்து 10 வரைக்கும் வரைஞ்சா அச்சு அசலா படுக்கை கோடு மாதிரியே இருக்கும், எக்ஸ் இன்டர்செப்ட் இல்லன்னு எழுதத் தோணும், ஆனா 0 போட்டுப் பாத்தா -500ல வெட்டுது. இதுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒய் = (எக்ஸ்² - எக்ஸ்)/எக்ஸ் வரைஞ்சா ஒய் = எக்ஸ் - 1ங்கற நேர்கோடு மாதிரி வந்து ஒய் அச்சை -1ல வெட்டற மாதிரியே தெரியும். சுருக்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ல 0 போட்டுப் பாருங்க, கீழ பூஜ்யம் வருது, அந்த இடத்துல மதிப்பே கிடையாது. அதனால கையால வரையும்போது (0, -1)ல ஒரு குட்டி காலி வட்டம் போட்டுட்டு, ஒய் இன்டர்செப்ட் இல்லைன்னு பக்கத்துலயே எழுதிடுங்க.